பரபரப்பான சாலையில் முதல் பிளாட்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் வீடு தேடுகிறவர்களுக்கு இந்த இழுபறி எப்படியும் வரும். கையில் இருக்கும் பணத்துக்கு நகரத்தின் நடுவே கிடைப்பது பஸ் ஓடும் ரோட்டோரத்து அடுக்குமாடியில் ஒரு பிளாட். அமைதியான தெருதான் வேண்டும் என்றால் ஊரைத் தாண்டிப் போக வேண்டும். வேலைக்குப் பக்கம், கடை கண்ணிக்குப் பக்கம் என்று மனசு ஒரு பக்கம் இழுக்கும். தரகரோடு பால்கனியில் நிற்கும்போது ஹாரன் சத்தம் இன்னொரு பக்கம் இழுக்கும். அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதியது இது. பத்திரப் பதிவும் வரியும் நாட்டுக்கு நாடு மாறுவதால் அவற்றுக்குள் போகவில்லை. எங்கே வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மட்டும் இங்கே.

மெயின் ரோட்டில் வீடு வாங்கலாமா, கூடாதா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வாங்கலாம், படுக்கையறை ரோட்டைப் பார்க்காமல் இருந்தால்.

கட்டடம் எந்த ரோட்டில் இருக்கிறது என்பதைவிட, நீங்கள் தூங்கும் அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரே கட்டடம், ஒரே மாடி என்றாலும் முன்பக்க அறைக்கும் பின்பக்க அறைக்கும் நடுவே 10 முதல் 20 டெசிபல் வரை வித்தியாசம் இருக்கலாம். கட்டடமே ஒரு பெரிய தடுப்புச் சுவராக நின்று சத்தத்தை மறைத்துவிடும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். எந்தக் கண்ணாடிக்காரரும் அவ்வளவு சுலபமாக இதைச் செய்து தர முடியாது.

ஹாலும் சமையலறையும் ரோட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும். பகலில் நாமும் சத்தம் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்! ஆகவே வரைபடம் கைக்கு வந்ததும் சதுர அடியைப் பார்ப்பதற்கு முன் படுக்கையறை ஜன்னலைத் தேடுங்கள். இரண்டு படுக்கையறையும் ரோட்டுப் பக்கம் என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் நானாக இருந்தால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவேன். இன்னொன்று: கார்னர் பிளாட்டுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். பரபரப்பான சந்திப்பில் இருக்கும் கார்னர் பிளாட்டுக்கு இரண்டு பக்கமும் ரோடு. அதற்குக் குறைத்துக் கேட்க வேண்டுமே தவிர கூட்டிக் கொடுக்கக் கூடாது.

சத்தம் தாங்கக்கூடிய அளவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒரு அளவுகோல். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சாலைப் போக்குவரத்துச் சத்தம் வீட்டுக்கு வெளியே ஒரு நாள் சராசரியாக 53 டெசிபலுக்குள்ளும், இரவில் 45 டெசிபலுக்குள்ளும் இருப்பது நல்லது. அந்த நாள் சராசரியைக் கணக்கிடும்போது மாலைச் சத்தத்துக்கு 5 டெசிபலும் இரவுச் சத்தத்துக்கு 10 டெசிபலும் கூட்டிக்கொள்வார்கள். பெருநகரத்தின் மெயின் ரோடுகளில் பெரும்பாலும் இந்த அளவு தாண்டித்தான் இருக்கும். அதனால் ‘அளவுக்குள் இருக்கிறதா’ என்று கேட்டுப் பயனில்லை. எவ்வளவு தாண்டுகிறது, அதில் எவ்வளவை ஜன்னல் தடுக்கும் என்று பாருங்கள்.

போனிலேயே அளக்கலாம். அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், ஐபோனுக்கு இலவசமாக ஒரு ஒலிமானி ஆப் வெளியிட்டிருக்கிறது. மற்ற போன்களுக்கும் ஆப்கள் உண்டு. சில டெசிபல் முன்னே பின்னே காட்டும், வீடுகளை ஒப்பிட அது போதும். ஓடிக்கொண்டே இருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள். பத்து பதினைந்து நிமிடச் சராசரியையும், நடுவில் எகிறிய உச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் அந்த உச்சம்தான். சீரான இரைச்சலைவிட, அமைதிக்கு நடுவே திடீரென்று உறுமிப் போகும் ஒரே ஒரு பைக் மோசம்.

ஜன்னலை மூடிய படுக்கையறைக்குள் போன் அவ்வளவு நம்பகமில்லை. அவ்வளவு குறைந்த சத்தத்தை அதன் மைக் சரியாகப் பிடிக்காது. அங்கே உங்கள் காதை நம்புங்கள். தரகரைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, தலைமாடு வரப்போகும் இடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். அவர் பேசிக்கொண்டே இருந்தால் ரோட்டுச் சத்தம் காதில் விழாது. சிலர் அதற்காகவே பேசுவார்கள்.

எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது நல்லது?

தரகர் கொடுக்கும் நேரம் பெரும்பாலும் மத்தியானம் அல்லது ஞாயிறு காலை, அதாவது ரோடு ஓய்ந்திருக்கும் நேரம். அதில் ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு, அப்புறம் நீங்களாகவே வேலை நாள் காலை நெரிசலில் ஒருமுறை, சனிக்கிழமை இரவு ஒருமுறை, நள்ளிரவு தாண்டி ஒருமுறை போய் வாசலில் நில்லுங்கள். உள்ளே விடச் சொல்ல வேண்டாம், நடைபாதையில் நின்றாலே போதும்.

நள்ளிரவை விட்டுவிடாதீர்கள். பல நகரங்களில் கனரக லாரிகளுக்குப் பகலில் அனுமதி இல்லை. அவை எல்லாம் இரவில்தான் நகரத்துக்குள் வரும். ரோடு காலியாக இருப்பதால் வேகமாகவும் வரும். பகலில் ஊர்ந்து நகரும் நெரிசலைவிட, இரவில் பாய்ந்து போகும் பத்து லாரி அதிகம் எழுப்பிவிடும். விடியற்காலையில் குப்பை வண்டி எங்கே நின்று தொட்டியைத் தூக்குகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: அதே ரோட்டில் சில நாள் வாடகைக்குத் தங்கிப் பாருங்கள். இருபது வருடக் கடனோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

மேல் மாடி போனால் சத்தம் குறையுமா?

நினைக்கிற அளவு குறையாது. வண்டிகள் வரிசையாக ஓடும் ரோட்டில், தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 3 டெசிபல்தான் குறையும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கட்டடம் ரோட்டின் நடுவிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, நீங்கள் 30 மீட்டர் உயரத்தில், பத்தாவது மாடி வாக்கில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டுக்கும் உங்களுக்கும் தூரம் சுமார் 32 மீட்டர். தரைத்தளத்தோடு ஒப்பிட்டால் குறைவது 5 டெசிபல், அவ்வளவுதான். அதிலும் கீழே இருப்பவருக்குக் காம்பவுண்டு சுவராவது கொஞ்சம் மறைக்கும். உங்களுக்கு அதுவும் இல்லை, தூரத்து ரோடுகளின் இரைச்சலும் சேர்ந்து வரும்.

இருந்தாலும் மேல் மாடியில் வேறு லாபங்கள் உண்டு. நடைபாதைப் பேச்சு, கடை ஷட்டர் சத்தம், பஸ் கதவின் ‘புஸ்’ எல்லாம் மேலே போகப் போக மங்கிவிடும். தூசியும் குறையும். தெரு விளக்கு நேராகக் கண்ணில் அடிக்காது. நானாக இருந்தால் முன்பக்கப் பத்தாவது மாடியைவிடப் பின்பக்க மூன்றாவது மாடியை எடுப்பேன்.

ஒரே ரோட்டில் எந்த இடம் மோசம், எந்த இடம் பரவாயில்லை?

இருநூறு மீட்டருக்குள்ளேயே நிலைமை தலைகீழாக மாறும். சிக்னல் பக்கத்தில் என்றால் நின்று கிளம்பும் சத்தம், பச்சை விழுந்த நொடியில் பின்னாலிருந்து ஹாரன். மேடு ஏறும் இடத்தில் என்ஜின் முக்கும். வேகத்தடை இருந்தால் காலி லாரியின் பின்பக்கம் எகிறி விழுந்து ‘டமார்’ என்னும். மேம்பாலத்தின் இணைப்பு இடுக்குகளை ஒவ்வொரு வண்டியும் தாண்டும்போது ‘டக்-டக்’ என்று இரட்டைத் தட்டு கேட்கும். பெரிய மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் பக்கத்தில் என்றால் சைரன்.

சின்னச் சின்ன விஷயங்களையும் கவனியுங்கள். ஆட்டம் கண்ட ஒரு சாக்கடை மூடி போதும். ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்கும்போது இரும்பு இரும்போடு இடிக்கும், ராத்திரி முழுக்க. இது நல்ல செய்திதான், ஏனென்றால் மாநகராட்சியில் புகார் கொடுத்தால் சரியாகிவிடக்கூடியது. மேம்பாலம் அப்படி இல்லை.

அதிர்வு தனி. பஸ் போகும்போது கதவு கண்ணாடியோ, அலமாரியில் பாத்திரமோ கிடுகிடுக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ரோட்டுக் குழிதான் காரணமாக இருக்கும், ரோடு போட்டால் அடங்கிவிடும். சுரங்க ரயிலால் வருகிற அதிர்வு என்றால் எந்த ஜன்னலை மாற்றியும் பிரயோஜனம் இல்லை.

நல்ல கண்ணாடி ஜன்னல் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. நிறையப் பேர் பணத்தை விரயம் செய்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் ‘டபுள் கிளேஸிங்’ என்று காட்டுவது பெரும்பாலும் வெப்பத்தைத் தடுக்க வந்த சரக்கு. 4 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளி என்ற அந்தச் சாதாரண அமைப்பு, போக்குவரத்துச் சத்தத்தைப் பொறுத்தவரை நல்ல தடித்த ஒற்றைக் கண்ணாடியைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. இரண்டும் ஒரே தடிமனாக இருப்பதால் ஒரே அலைவரிசையில் இரண்டும் சேர்ந்து அதிரும். சத்தத்துக்கு என்று வாங்கினால் இரண்டு கண்ணாடியும் வெவ்வேறு தடிமனாக இருக்க வேண்டும், ஒன்றாவது லேமினேட்டட் ஆக இருக்க வேண்டும். லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அந்தப் படலம் அதிர்வை உறிஞ்சும். இதைவிடவும் பலன் தருவது, இருக்கும் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு உள்பக்கம் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டாவது ஜன்னல் போடுவது. பார்க்க அவ்வளவு நன்றாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

அடுத்தது இடுக்கு. சத்தம் காற்று போகும் வழியாகத்தான் வரும். 2 சதுர மீட்டர் ஜன்னலில், 2 மீட்டர் நீளத்துக்கு வெறும் 1 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே போதும். நீங்கள் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும் அந்த ஜன்னல் 30 டெசிபலுக்கு மேல் குறைக்காது. ஸ்லைடிங் ஜன்னல் இதனால்தான் ரோட்டுப் பக்கத்துக்கு ஆகாது. நகர்வதற்கு இடம் விட்டாக வேண்டுமே, அந்த இடம்தான் இடுக்கு. கதவு மாதிரித் திறந்து, மூடும்போது ரப்பரை நாலு பக்கமும் அழுத்தும் கேஸ்மென்ட் ஜன்னல்தான் சரி.

பார்க்கப் போகும்போது ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொண்டு போங்கள். ஜன்னல் சட்டத்தில் காகிதத்தை வைத்து மூடி, இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் செத்துவிட்டது. கிழியும் அளவுக்குப் பிடித்தால் நல்லது. நாலைந்து இடத்தில் செய்து பாருங்கள், கீழ் மூலையில்தான் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். அப்படியே தலையைத் தூக்கி ஏசி குழாய் போகும் துளை, குளியலறை வென்டிலேட்டர், சமையலறை எக்ஸாஸ்ட் விசிறி ஆகியவற்றையும் பாருங்கள். ஜன்னலுக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டு, கையளவு ஓட்டையைத் திறந்து வைத்திருக்கும் வீடுகள் ஏராளம்.

எதுவாக இருந்தாலும் பஸ், லாரி என்ஜினின் அடித்தொண்டை உறுமல் மற்ற சத்தங்களைவிட அதிகமாக உள்ளே வரும். தாழ்ந்த ஒலியைத் தடுப்பது கண்ணாடிக்குக் கஷ்டம்.

ஜன்னலை என் இஷ்டத்துக்கு மாற்றலாம்தானே? என் வீடுதானே?

கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். பல அடுக்குமாடிகளில் வெளிச்சுவரும் ஜன்னல் சட்டமும் பொதுச் சொத்து. உங்களுடையது உள்பக்கம் மட்டும். முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே குடியிருப்போர் சங்கத்தின் விதிப் புத்தகத்தை வாங்கி ஜன்னல், பால்கனி, ஏசி வெளிப்பெட்டி என்ற மூன்று இடங்களையும் படித்துவிடுங்கள். உள்பக்க இரண்டாவது ஜன்னலுக்கு வழக்கமாக யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. அதுவும் அதற்கு ஒரு சாதகம்.

கனமான திரை, சுவரில் ஸ்பாஞ்ச், முட்டை அட்டை?

வெளிச் சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவே. முட்டை அட்டை அதையும் ஒழுங்காகச் செய்யாது.

எல்லா ஜன்னலையும் மூடிவிட்டால் மூச்சு முட்டாதா?

முட்டும். ஸ்பிளிட் ஏசி ஓடுகிறதே என்று இருந்துவிடக் கூடாது. பெரும்பாலான ஸ்பிளிட் ஏசி அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. நன்றாக அடைத்த படுக்கையறையில் இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் கார்பன் டை ஆக்சைடு அளவு 2000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 2000 பங்கு) தாண்டிப் போவது சாதாரணம்; வெளிக்காற்றில் அது 400-க்குச் சற்று மேலே. காலையில் எழும்போதே தலை கனமாக இருக்கும்.

ஆகவே சத்தத்தை அடைக்கும்போதே காற்றுக்கு வழி வைத்துவிடுங்கள். பின்பக்கம் ஒரு ஜன்னல் திறக்கிற மாதிரி இருந்து, படுக்கையறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தாலே நிறைய சரியாகிவிடும். அது இல்லையென்றால், வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் சிறிய விசிறிக் கருவிகள் சுவரில் பொருத்துகிற மாதிரிக் கிடைக்கின்றன. அதற்குச் சுவரில் துளை போட வேண்டும். துளைக்கு? மறுபடியும் சங்கத்தின் அனுமதி.

புகையும் தூசியும் எவ்வளவு பெரிய பிரச்சினை?

சத்தத்தைவிடப் பெரியது. கேட்காத காரணத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வரம்பை, கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதிலிருந்து 5 ஆகக் குறைத்தது. பெருநகரங்களில் இதை எட்டுவதே அபூர்வம், மெயின் ரோடு அதற்கு மேல். வண்டிப் புகையில் வரும் மாசு ரோட்டிலிருந்து நூற்றைம்பது, இருநூறு மீட்டர் தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும். ஆனால் இருபுறமும் உயரமான கட்டடங்கள் நெருங்கி நிற்கும் ரோட்டில் காற்று வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுழலும். வீடு பார்க்கும்போது ரோட்டின் அகலத்தையும் எதிர்க் கட்டடத்தின் உயரத்தையும் சேர்த்தே பாருங்கள்.

ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் விரலை ஓட்டுங்கள். பழுப்பாக, மணல் மாதிரி வந்தால் சாதாரணத் தூசி. கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டினால் அது புகைக்கரியும் டயர் தூளும். வீடு விற்பதற்காகப் புதிதாகத் துடைத்திருந்தால் பால்கனியில் இருக்கும் ஏசி வெளிப்பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதை யாரும் துடைத்திருக்க மாட்டார்கள்.

ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் துகள்களுக்கு நன்றாக வேலை செய்யும். 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டிக்குத்தான் அமெரிக்கத் தரத்தில் அந்தப் பெயர். நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்களை அது பிடிக்காது, அதற்குக் கார்பன் வடிகட்டி தனியாக வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்காகவே ரோட்டுப் பக்க வீட்டை நான் வேண்டாம் என்பேன்.

‘போகப் போகப் பழகிவிடும்’ என்கிறார்களே, நிஜமா?

மனசுக்குப் பழகும். மாதம் இரண்டு ஆனால் சத்தம் இருப்பதே தெரியாது, விருந்தாளி சொன்னால்தான் நினைவு வரும். உடம்புக்கு முழுசாகப் பழகுவதில்லை. தூங்குகிறவர் விழிக்காவிட்டாலும் சத்தம் வரும்போது இதயத் துடிப்பு எகிறுவதை ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். பழகிவிடும் என்று சொல்கிறவர் எந்த அறையில் தூங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி எல்லாம் மின்சார வண்டிதானே, சத்தம் தானாகவே குறையாதா?

ஊர்ந்து போகும் இடங்களில் குறையும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வீடு என்றால் மின்சார பஸ் வந்தது பெரிய விடுதலை. ஆனால் கார்களில் மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் என்ஜினைவிட டயர் ரோட்டில் உரசும் சத்தம்தான் மேலோங்கும். அது எந்த வண்டிக்கும் ஒன்றுதான். போதாததற்கு, பாதசாரிகளின் பாதுகாப்புக்காக 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் எல்லாப் புதிய மின்சார கார்களுக்கும் கட்டாயமாக்கிவிட்டது. புகை போகும், டயர் தூள் போகாது.

கீழே கடைகள் இருக்கும் கட்டடம். வசதிதானே?

என்ன கடை என்பதைப் பொறுத்தது. மருந்துக் கடை, வங்கி என்றால் இரவில் அடங்கிவிடும். உணவகம் என்றால் புகைபோக்கி எங்கே திறக்கிறது, குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரஸர் எங்கே நிற்கிறது, சரக்கு வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். முன்பக்க ரோட்டுக்குப் பயந்து பின்பக்கப் படுக்கையறையைத் தேடி வாங்கியவருக்கு, அந்தப் பின்பக்கத்திலேயே உணவகத்தின் எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? கரப்பான், எலித் தொல்லையும் உண்டு. கடை வாடகைக்கு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், இன்று இருக்கும் கடையைவிட அங்கே என்னென்ன தொழிலுக்கு அனுமதி என்பதே பெரிய கேள்வி. பராமரிப்புச் செலவில் கடைக்காரர்களின் பங்கு எவ்வளவு, சங்கத்தில் அவர்களுக்கு எத்தனை ஓட்டு என்பதையும் கேளுங்கள்.

இன்னும் கட்டி முடிக்காத கட்டடம். எதைப் பார்த்து முடிவு செய்வது?

மாதிரி வீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்திலேயே, ரோட்டிலிருந்து அதே தூரத்தில் இருக்கும் பழைய அடுக்குமாடியைப் பாருங்கள். முன்பக்க பால்கனிகளை வரிசையாகக் கீழிருந்து மேலே கவனியுங்கள். எத்தனையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள், எத்தனையைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள், எத்தனை அட்டைப்பெட்டி அடுக்கும் இடமாகிவிட்டது? அந்த ரோட்டைப் பற்றி விளம்பரப் புத்தகத்தைவிட அந்த பால்கனிகள் நேர்மையாகப் பேசும்.

பில்டரிடம் ‘சவுண்ட் ப்ரூஃப் ஜன்னல்’ என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கண்ணாடித் தடிமன், லேமினேட்டடா இல்லையா, ஸ்லைடிங்கா கேஸ்மென்ட்டா என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும்.

பராமரிப்புக் கட்டணம் ரொம்பக் குறைவு என்கிறார்கள். நல்லதுதானே?

எனக்குச் சந்தேகம்தான் வரும். லிப்ட் இருபது, இருபத்தைந்து வருடத்தில் மாற்ற வேண்டி வரும். மொட்டைமாடியின் நீர்க்கசிவுத் தடுப்பு, தண்ணீர்க் குழாய், மோட்டார், வெளிப்பூச்சு எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. ரோட்டோரக் கட்டடத்தின் முகப்பு இன்னும் சீக்கிரம் கறுத்துப் போகும். இந்தச் செலவுக்கு மாதாமாதம் எடுத்து வைப்பதுதான் இருப்பு நிதி. கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்கும் சங்கம் அந்த நிதியைச் சேர்க்காமல் விட்டிருந்தால், நீங்கள் குடிபோன மறு வருடம் ‘சிறப்பு வசூல்’ என்று ஒரு பெரிய தொகைக்கு நோட்டீஸ் வரும். முப்பது வருடமாக மற்றவர்கள் ஓட்டிய லிப்டுக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

பணத்தோடு போகிற விஷயமும் இல்லை இது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற ஊரில், சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பெரிய பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். கான்கிரீட் சேதத்தை ஒரு பொறியாளர் 2018-லேயே எழுத்தில் சுட்டிக்காட்டியிருந்தார். செலவைக் குடியிருப்போரிடம் பிரிப்பது பற்றிய பேச்சிலேயே காலம் போனது; பெரிய கான்கிரீட் வேலை தொடங்குவதற்குள் கட்டடம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு 2022-இல் அந்த மாநிலம் பழைய அடுக்குமாடிகளுக்குக் கட்டாய ஆய்வையும் இருப்பு நிதிக் கணக்கையும் சட்டமாக்கியது.

ஆகவே கேட்டு வாங்க வேண்டியவை: கடைசி மூன்று வருட வரவு செலவு, இருப்பு நிதியில் இருக்கும் தொகை, கட்டணம் கட்டாமல் பாக்கி வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை, நிலுவையில் உள்ள வழக்குகள், கட்டடத்தின் காப்பீட்டுப் பத்திரம், கூட்டக் குறிப்புகள். கடைசியில் சொன்னதைப் படிக்காமல் விடாதீர்கள். கணக்கில் தெரியாத சண்டை எல்லாம் கூட்டக் குறிப்பில் தெரியும். ‘நீர்க்கசிவு பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம்’ என்ற வரி நான்கு கூட்டத்தில் தொடர்ந்து வந்தால் விஷயம் புரிந்துவிடும். ரோட்டுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்தக் காகிதங்களைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கடன் எவ்வளவு வாங்கலாம்?

வங்கி கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை வேறு, நீங்கள் தாங்கும் தொகை வேறு. 20 வருடக் கடனை 8 சதவீத வட்டிக்கு வாங்கினால் முடிவில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு திருப்பிக் கட்டியிருப்பீர்கள். முதல் மாதத் தவணையில் ஐந்தில் நாலு பங்கு வட்டிக்கே போகும். மாறும் வட்டி என்றால், 8 சதவீதம் 9 ஆனதும் தவணை சுமார் ஏழரை சதவீதம் ஏறும். அந்த ஏறிய தவணை, பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி, இப்போதே மாதாமாதம் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். ஜன்னல் செலவையும் முதல் நாளே பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள். குடிபோன பிறகு அதற்கென்று பணம் மிஞ்சவே மிஞ்சாது.

ரோட்டோரம் என்பதால் விலை குறைத்துக் கேட்கலாமா? பிறகு விற்க முடியுமா?

கட்டாயம் கேளுங்கள். நீங்கள் விற்கப் போகும்போது அடுத்தவரும் அதே காரணத்தைச் சொல்லித்தான் குறைத்துக் கேட்பார். வாங்கும்போது குறையாத விலை விற்கும்போது மட்டும் குறைந்தால் நஷ்டம் உங்களுக்கு. அதே கட்டடத்தில் பின்பக்க வீடு என்ன விலைக்குப் போனது என்பதே சரியான ஒப்பீடு. தவறான ஜன்னல், மங்கிய பெயின்ட் மாதிரிச் சரிசெய்யக்கூடிய குறைகளுக்கு அந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள். மேம்பாலம், இரண்டு பக்கமும் ரோடு மாதிரிச் சரிசெய்யவே முடியாத குறைக்கு எவ்வளவு கழித்தாலும் போதாது என்பது என் கருத்து. வாடகைக்கு விடுவதாக இருந்தால் நிலைமை வேறு: பஸ்ஸும் ரயிலும் பக்கத்தில் இருந்தால் ஆள் சீக்கிரம் கிடைக்கும்.

ரோடு அகலமாக்கப் போகிறார்கள், மெட்ரோ வருகிறது என்கிறார்கள். நல்லதா கெட்டதா?

வந்து முடிந்தால் நல்லது, வரும்வரை கஷ்டம். நகர வளர்ச்சித் திட்ட வரைபடத்தை அலுவலகத்தில் நேரடியாகப் பாருங்கள், தரகர் சொல்வதை வைத்துக்கொள்ளாதீர்கள். அகலப்படுத்தும் கோடு உங்கள் கட்டடத்தின் முன் இடத்தைத் தொட்டால் மரம், வாகன நிறுத்தம், காம்பவுண்டு எல்லாம் போய், ரோடு ஜன்னலுக்கு அருகே வந்து நிற்கும். பின்பக்கம் காலி மனை இருந்தால் அதையும் விசாரியுங்கள். உங்கள் அமைதியான படுக்கையறைக்கு எதிரே நாளைக்கு வாகன நிறுத்தச் சரிவுப்பாதை வரலாம்.

சாவி கையில் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

சாமான் ஏற்றுவதற்கு முன்பே ஜன்னல் வேலையை முடித்துவிடுங்கள். சட்டத்தைச் சுற்றிச் சுவரோடு சேரும் இடத்தில் உள்ள விரிசலைச் சிலிகான் போட்டு அடைப்பது, செத்த ரப்பரை மாற்றுவது, இரண்டும் குறைந்த செலவில் அதிகம் தரும் வேலைகள். கண்ணாடியை மாற்றுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு சில இரவு தூங்கிப் பார்த்து முடிவு செய்யலாம். துணி அலமாரியை ரோட்டுப் பக்கச் சுவரோடு சேர்த்தும், கட்டிலை எதிர்ச் சுவரோடு சேர்த்தும் போடுங்கள். தெரு விளக்கு, கடை போர்டு வெளிச்சம் விழும் ஜன்னலுக்கு வெளிச்சம் புகாத திரை. அப்புறம் அந்தச் சாக்கடை மூடி இன்னும் ஆடுகிறதா என்று பாருங்கள். புகார் கொடுத்தால் பதிவு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சொன்னால் வரமாட்டார்கள், மூன்றாவது முறை அந்த எண்ணைச் சொன்னால் வருவார்கள்.